பட்டம் வந்தால் பேச்சு எடுபடுமா?

இந்த முறை பதிலுக்கு எடுத்துக்கொண்ட கடிதம் ஓர் அறிவியல் ஆசிரியை எழுதியது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 38. பதினான்கு ஆண்டுகளாக நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறார். 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்பை எப்படி நடத்துவதென்று தெரியாமல் தவித்த சக ஆசிரியர்களுக்கு இரவு பகல் பாராமல் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். பள்ளி மீண்டும் திறந்த பிறகும் அந்தப் பொறுப்பு இவரை விட்டுப் போகவில்லை. ப்ரொஜெக்டர் எரியவில்லை என்றாலும், யாருக்காவது பாஸ்வேர்டு மறந்துபோனாலும், மதிப்பெண் பதிவேற்றம் பாதியில் நின்றாலும் இவரையே கூப்பிடுகிறார்கள். ஆனால் இதற்காக ஒரு பாடவேளைகூடக் குறைக்கப்படவில்லை. சென்ற ஆண்டு இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிர்வாகம் இரண்டு வகுப்புகளுக்கு டேப்லெட்டுகள் வாங்கியது. அவற்றில் பாதி இன்று அலமாரியில் கிடக்கின்றன. ஏன் கிடக்கின்றன என்ற கேள்வி மட்டும் தவறாமல் இவரிடம் வந்து சேர்ந்தது.

இந்த நிலையில் ஒரு பல்கலைக்கழகத்தில், பகுதிநேர இணையவழிப் படிப்பாக, கல்வித் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டம் பெற இவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்தில் பாதியைப் பள்ளி நிர்வாகம் தரும். பதிலுக்கு, படிப்பு முடிந்த பின் நான்கு ஆண்டுகள் அங்கேயே பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் முழுக் கட்டணத்தையும் பள்ளிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கிறார்கள். “படித்து முடித்தால் தொழில்நுட்பப் பிரிவுக்கு நீங்கள்தான் தலைவர்” என்று தலைமை ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். இணையவழிப் பட்டத்துக்கு மதிப்பிருக்குமா என்பது கணவரின் ஐயம். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட காலத்தில் இந்தப் படிப்பு முடிவதற்குள் பழையதாகிவிடும் என்பது உறவினர் ஒருவரின் வாதம். ஆய்வேட்டுக்குத் தலைப்பும் தயாராக இருக்கிறது: தமது எட்டாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டேப்லெட்டிலும் மறு பாதிக்கு வழக்கமான முறையிலும் பாடம் நடத்தி, மென்பொருளில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் மதிப்பெண்களை ஒப்பிடுவது. “தரவு எங்களிடமே இருப்பதால் தனி அனுமதி தேவைப்படாது என நினைக்கிறேன்” என்கிறார். கடிதத்தின் கடைசிப் பகுதியில், டேப்லெட்டைத் தொடவே மறுக்கும் மூத்த கணித ஆசிரியை ஒருவரைப் பற்றிச் சற்றுக் கோபத்துடன் எழுதிவிட்டு, “என்னிடம் ஒரு பட்டம் இருந்தால் இவர்களிடம் என் பேச்சு எடுபடும் அல்லவா?” என்று முடிக்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பட்டம் வந்தால் பேச்சு எடுபடும் என்பது பெரும்பாலும் நடப்பதில்லை. நீங்கள் முதுநிலைப் பட்டம் பெற்ற மறுநாளும் ப்ரொஜெக்டர் எரியாதபோது உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடும் குரலில் சற்று மரியாதை கூடியிருக்கலாம், அவ்வளவுதான். முடிவெடுக்கும் மேசையில் இடம், அதற்கென ஒதுக்கிய நேரம், எழுத்தில் உள்ள பொறுப்பு இந்த மூன்றும் நிர்வாகம் தர வேண்டியவை. பல்கலைக்கழகத்தால் இவற்றைத் தர இயலாது. அப்படியானால் படிக்க வேண்டாம் என்கிறேனா? இல்லை, படிக்கச் சொல்கிறேன். ஆனால் பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியதை அங்கேயும், நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதை நிர்வாகத்திடமும் கேளுங்கள் என்கிறேன். இரண்டும் உங்கள் கடிதத்தில் கலந்து கிடக்கின்றன.

இன்று நீங்கள் செய்துகொண்டிருப்பது தொழில்நுட்பத் தலைமை என்று நீங்கள் எண்ணுவதும் சற்றுத் திருத்தப்பட வேண்டியது. அது உதவி மையப் பணி. மதிப்புக்குரிய பணிதான், ஆனால் வேறு பணி. ஐஎஸ்டிஇ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் சர்வதேசக் கல்வித் தொழில்நுட்பச் சங்கம், கல்வித் தலைவர்களுக்கென 2018-இல் வெளியிட்ட தரநிலைகளில் ஐந்து பொறுப்புகளைச் சொல்கிறது: மாணவர் எல்லோருக்கும் சமவாய்ப்பும் பொறுப்பான இணையப் பயன்பாடும் கிடைக்க வாதாடுவது, தொலைநோக்குடன் திட்டமிடுவது, ஆசிரியர்கள் தாமே முயன்று பார்க்கும் துணிவைத் தருவது, அதற்கேற்ற அமைப்புகளை உருவாக்குவது, தானும் தொடர்ந்து கற்பது. கருவிகளைப் பழுது பார்க்கும் திறமை இந்த ஐந்தில் எங்கும் தனிப் பொறுப்பாக இல்லை. டேப்லெட் வாங்குவதற்கு முன் “எந்தப் பாடத்தில், எந்தச் சிக்கலுக்காக?” என்று கேட்டு, விடை கிடைக்காவிட்டால் “இப்போது வேண்டாம்” என்று சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் பள்ளியில் இல்லாமல் போனார். அந்த இடம்தான் தலைமையின் இடம். அங்கே போய்ச் சேர நல்ல பட்டப்படிப்பு உதவும்.

படிப்பு உண்மையில் தருவது என்ன

கல்வித் தொழில்நுட்பத்தை முறையாகப் படிப்பவர்கள் விரைவிலேயே சந்திக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. ரிச்சர்ட் கிளார்க் என்ற ஆய்வாளர் 1983-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: மளிகைச் சாமானை ஏற்றி வரும் லாரி நமது ஊட்டச்சத்தை மாற்றாதது போல, பாடத்தை ஏற்றி வரும் ஊடகமும் மாணவரின் கற்றலை மாற்றுவதில்லை, மாற்றுவது கற்பிக்கும் முறை. ராபர்ட் கோஸ்மா 1994-இல் இதற்கு மறுமொழி எழுதினார். ஊடகத்தையும் முறையையும் அப்படிப் பிரித்துவிட முடியாது, சில ஊடகங்களின் இயல்பால் மட்டுமே சில முறைகள் சாத்தியமாகின்றன என்பது அவர் வாதம். இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. ஆனால் இந்த வழக்கை ஒருமுறை உள்வாங்கிக்கொண்டவர், “டேப்லெட் வந்த பின் மதிப்பெண் கூடியது” என்று விற்பனையாளர் காட்டும் படத்தைப் பார்த்ததும், “கூட்டியது டேப்லெட்டா, அதோடு சேர்ந்து மாறிய கற்பித்தலா?” என்று கேட்காமல் இருக்க மாட்டார்.

உங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். மின்சுற்றைக் கற்பித்த எவருக்கும் தெரியும்: பல்பு வழியாகப் போகும்போது மின்னோட்டத்தில் கொஞ்சம் ‘செலவாகிவிடுகிறது’ என்று நம்பும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள். எத்தனை முறை பல்பையும் கம்பியையும் கையில் கொடுத்தாலும் அந்த நம்பிக்கை அசைவதில்லை. ஏனெனில் கம்பிக்குள் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001-இல் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவரான கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ என்ற இலவச உருவகச் செயலிகளில் மின்சுற்றுக்கான ஒன்று, எலக்ட்ரான்கள் நகர்வதைத் திரையில் காட்டுகிறது. அதைப் பயன்படுத்திய மாணவர்கள் உண்மையான கருவிகளை மட்டும் பயன்படுத்தியவர்களைவிடக் கருத்துகளை நன்றாகப் புரிந்துகொண்டதோடு, பிறகு உண்மையான சுற்றை அமைப்பதிலும் சிறந்து விளங்கினர் என்று 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இங்கே கருவி ஒரு குறிப்பிட்ட தவறான புரிதலுக்கு மருந்தாக வந்திருக்கிறது. பொதுவான ‘நவீனமயமாக்கல்’ என்ற பெயரில் வரவில்லை.

இதற்கு நேர்மாறானதையும் பாருங்கள். பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மதிப்பிட்டு, அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2012-இல் அறிக்கை வெளியிட்டது. திட்டம் நடந்த பள்ளிகளில் மாணவருக்கு 0.12 ஆக இருந்த கணினி விகிதம் 1.18 ஆக உயர்ந்திருந்தது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது. அதை வைத்து என்ன கற்பிப்பது என்பது போய்ச் சேரவில்லை. உங்கள் பள்ளி அலமாரியில் கிடப்பவை இதே கதையின் சிறிய பதிப்பு என்பது என் ஊகம்.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பிறருக்கு விளக்கிச் சொல்லும் மொழியைத்தான் பட்டப்படிப்பு தருகிறது. அப்போது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் முன்வைத்த ‘டீபேக்’ சட்டகம் அந்த மொழியின் ஒரு பகுதி. பாடப்பொருள் அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் ஆசிரியரின் தனித்திறன் இருக்கிறது என்பது அதன் சாரம். உங்களிடம் முதல் இரண்டும் பதினான்கு ஆண்டு அனுபவமாக ஏற்கெனவே இருக்கின்றன. கணினித் துறையிலிருந்து நேரே இந்தப் பதவிக்கு வருபவரிடம் அவை இருக்காது. ஆகவே “எனக்கு நிரல் எழுதத் தெரியாதே” என்று கடிதத்தின் நடுவில் ஓரிடத்தில் வருந்தியிருப்பதை மறந்துவிடுங்கள்.

உறவினர் சொல்லும் ‘பழையதாகிவிடும்’ என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பாடத்திட்டம் முழுவதும் குறிப்பிட்ட செயலிகளை இயக்கக் கற்றுக்கொடுப்பதாக இருந்தால், அது முடிவதற்கு முன்பே பழையதாகும். செயற்கை நுண்ணறிவு இல்லாவிட்டாலும் ஆகும். ஆனால் 1913-இல் தாமஸ் எடிசன், திரைப்படம் வந்துவிட்டதால் பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் தேவையற்றுப்போகும், பத்தாண்டுகளில் பள்ளி முறையே மாறிவிடும் என்று அறிவித்தார். வானொலி வந்தபோதும், தொலைக்காட்சி வந்தபோதும், கணினி வந்தபோதும் இதே அறிவிப்பு வெவ்வேறு வாய்களிலிருந்து வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு மீண்டும் கேட்கிறோம். இந்த வரலாற்றைக் கற்றுத்தரும் படிப்பு பழையதாகாது. அடுத்த அறிவிப்பு வரும்போது பதறாமல் இருக்க அது பழக்கும்.

மறுப்பவர்களைப் பற்றி

கணித ஆசிரியையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்தேன். “வயதானவர்கள் மாற மாட்டார்கள்” என்ற ஒரே வரியில் அவரை முடித்துவிட்டீர்கள். இதை நீங்கள் கைவிட வேண்டும். நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை; இந்த எண்ணத்தோடு நீங்கள் தலைவராக முடியாது என்பதற்காகவும் சொல்கிறேன்.

புதுமைகள் ஒரு சமூகத்தில் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்த எவரெட் ராஜர்ஸ், 1962-இல் மக்களை ஐந்து பிரிவுகளாகப் பிரித்தார்: முதலில் துணிபவர்கள் 2.5 சதவீதம், அடுத்து ஏற்பவர்கள் 13.5, முன்பெரும்பான்மை 34, பின்பெரும்பான்மை 34, கடைசியில் பின்தங்குபவர்கள் 16. ஆசிரியர் பயிற்சிகளில் இந்த வரைபடத்தைக் காட்டி, கடைசி 16 சதவீதத்தைப் பார்த்துச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் ராஜர்ஸ் தாமே பின்னாளில் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார். 1954-இல் ஐயோவா மாநிலத்தில் விவசாயிகளை நேர்கண்டபோது ஒருவர் களைக்கொல்லி, ரசாயன உரம் எல்லாவற்றையும் மறுத்து, இவை மண்ணிலுள்ள மண்புழுக்களைக் கொல்கின்றன என்று சொன்னாராம். ராஜர்ஸ் அவரைப் பின்தங்கியவர் பட்டியலில் சேர்த்தார். இயற்கை விவசாயம் பரவிய காலத்தில் திரும்பிப் பார்த்தபோது, அந்த மனிதர்தான் எல்லோரையும்விட முன்னால் இருந்தவர் என்பது அவருக்குப் புரிந்தது. உங்கள் கணித ஆசிரியை அப்படிப்பட்டவர் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் அவர் ஏன் மறுக்கிறார் என்பதற்கு அவர் வாயால் சொன்ன காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேட்டால் எந்த மாதிரியான விடை வரும் என்பதற்கும் ஒரு வரைபடம் இருக்கிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவான அக்கறைசார் ஏற்பு மாதிரி, ஒரு புதுமையை எதிர்கொள்ளும் ஆசிரியரின் கவலைகளை ஏழு நிலைகளாகக் காண்கிறது. தொடக்க நிலைகளில் கவலை தன்னைப் பற்றியது: “என்னால் முடியுமா, மாணவர் முன்னால் அவமானப்படுவேனா?” நடு நிலையில் அது நேரத்தையும் ஒழுங்கையும் பற்றியது. “என் மாணவர்களுக்கு இதனால் என்ன நன்மை?” என்ற கவலை அதன் பிறகே வருகிறது. நாமோ முதல் நிலையில் இருப்பவரிடம் போய் மாணவர் நன்மையைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறோம். நானும் ஆற்றியிருக்கிறேன். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ஸ்மார்ட் போர்டைப் பயன்படுத்தாத சக ஆசிரியர் ஒருவருக்கு அரை மணி நேரம் அதன் பெருமைகளை விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதை எப்படி அணைப்பது என்று மட்டும் சொல்லுங்கள், சென்ற வாரம் அணைக்கத் தெரியாமல் வகுப்பே சிரித்தது” என்றார். அதை முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இன்னொன்று. முதலில் மனம் மாற வேண்டும், பிறகு கற்பிக்கும் முறை மாறும் என்று நாம் நினைக்கிறோம். தாமஸ் கஸ்கி 1986-இல் இதைத் தலைகீழாக்கினார்: ஆசிரியர் ஒன்றை முயன்று பார்க்கிறார், தம் மாணவர்களிடம் மாற்றத்தைக் காண்கிறார், அதன் பிறகே அவருடைய நம்பிக்கை மாறுகிறது. ஆகையால் பட்டத்தின் வலிமையால் யாரையும் நம்பவைக்க முயல வேண்டாம். அவருடைய வகுப்பில், அவருடைய மாணவர்களிடம், அவரே காணக்கூடிய ஒரு சிறு பலன் போதும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்

ஒப்பந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், கையெழுத்திடுமுன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள். அதற்கு முன் நீங்களே கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாதிக் கட்டணம் தருபவர்கள் முழுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பது கண்ணை உறுத்துகிறது. அவர்கள் செலவழிக்காத பணத்தை எந்தக் கணக்கில் கேட்கிறார்கள் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ஏற்பட்ட இழப்புக்கு ஈடாக ஒரு தொகையைக் கேட்பதையும், தண்டனையாக ஒரு தொகையைச் சுமத்துவதையும் பல நாடுகளின் நீதிமன்றங்கள் வேறுபடுத்தியே பார்க்கின்றன. அவர்கள் தந்த தொகை மட்டும், அதுவும் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கால் பங்கு குறைந்துகொண்டே வரும்படி என்று திருத்தம் கேளுங்கள். நியாயமான நிர்வாகம் இதற்கு இணங்கும். இணங்க மறுத்தால், அதுவும் உங்களுக்குத் தேவையான ஒரு தகவல்தான். நிர்வாகமே உங்களைப் பணிநீக்கம் செய்தாலோ, பள்ளி மூடப்பட்டாலோ, உடல்நலம் கெட்டு நீங்கள் விலக நேர்ந்தாலோ இந்தக் கடன் பொருந்தாது என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒப்பந்தத்தில் இல்லாதது. நீங்கள் நான்கு ஆண்டுகள் தருவதாக எழுத்தில் இருக்கிறது. அவர்கள் தரும் பதவி காற்றில் இருக்கிறது. தலைமை ஆசிரியர் நல்லவராகவே இருக்கலாம், அவர் மாறிப்போனால் அவருடைய சொல்லும் அவரோடு போய்விடும். பதவியின் பெயர் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. வாரத்தில் எத்தனை பாடவேளைகள் குறைக்கப்படும், கருவிகளும் மென்பொருளும் வாங்கும் முடிவில் உங்கள் எழுத்துபூர்வமான கருத்து கட்டாயமாகக் கேட்கப்படுமா, பழுது பார்க்கும் பணியை யார் ஏற்பார் என்ற மூன்றையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். படிக்கும் காலத்துக்கான பாடவேளைக் குறைப்பையும் சேர்த்துக் கேளுங்கள். பகல் முழுவதும் இப்போதைய சுமையைச் சுமந்துவிட்டு இரவில் முதுநிலைப் படிப்பு படிப்பது, நீங்கள் எழுதியிருப்பது போல ‘சமாளித்துக்கொள்ளக்கூடிய’ காரியம் அன்று. இடையில் நிறுத்தியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அறிவு குறைவாக இருக்கவில்லை, நேரம்தான் இருக்கவில்லை.

படிப்புக்காக நீங்கள் உருவாக்கும் பாடப் பொருட்கள் யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பணியின் பகுதியாக உருவாக்கியவை பணி கொடுத்தவருக்கே உரியவை என்பது பல நாடுகளில் பொது விதி. பல்கலைக்கழகத்துக்காகச் செய்த ஒன்றைப் பள்ளி தனதென்று சொல்லிக்கொள்ளும் குழப்பம் பின்னால் வராமல் இருக்க ஒரே ஒரு வரி போதுமானது.

எட்டாம் வகுப்பும் ஆய்வேடும்

தரவு உங்களிடம் இருப்பதால் அனுமதி தேவையில்லை என்பது தவறு. கடிதத்தில் உங்களை உண்மையான சிக்கலில் மாட்டிவிடக்கூடியது இதுதான். அந்த மதிப்பெண்கள் கற்பித்தலுக்காகச் சேகரிக்கப்பட்டவை. ஒரு நோக்கத்துக்காகச் சேகரித்ததை வேறு நோக்கத்துக்கு இஷ்டப்படி பயன்படுத்தக் கூடாது என்பது, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் அடிப்படைகளுள் ஒன்று. அமெரிக்காவில் மாணவர் பதிவேடுகளைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1974-இலேயே வந்துவிட்டது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஒப்புதல் தராமல் மாணவர் தரவைத் தொடாதீர்கள். ஒப்புதலுக்கு முன் திரட்டியதை ஆய்வேட்டில் சேர்க்க முடியாமல் போய், ஓர் ஆண்டு உழைப்பு வீணாகும் வாய்ப்பு நிறையவே உண்டு.

அனுமதி கேட்கும்போதும் ஒரு நுட்பம் இருக்கிறது. மதிப்பெண் போடும் ஆசிரியையே “என் ஆய்வில் கலந்துகொள்கிறாயா?” என்று கேட்டால் எந்தக் குழந்தை மறுக்கும்? ஆகவே பெற்றோரின் ஒப்புதலையும் குழந்தையின் சம்மதத்தையும் வேறோர் ஆசிரியர் வழியாகப் பெற்று, யார் சேர்ந்தார்கள், யார் சேரவில்லை என்பதை இறுதி மதிப்பெண் தரும்வரை நீங்கள் அறியாமல் இருப்பது நல்ல நடைமுறை.

ஆய்வின் அமைப்பும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. பாதி வகுப்புக்கு டேப்லெட், மறு பாதிக்கு வழக்கமான முறை என்னும்போது, கிளார்க் சுட்டிய பொறிக்குள் நீங்களே போய் விழுகிறீர்கள். வேறுபாடு தென்பட்டாலும் அது கருவியாலா, கற்பித்தலாலா, புதுப்பொருள் கையில் கிடைத்த உற்சாகத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எண்ணிக்கையும் மிகச் சிறியது. அதற்குப் பதில் மாணவர்களின் தவறான புரிதல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மின்னோட்டமே போதும். மாணவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று முதலில் பதிவுசெய்து, ஒரு பாடத்தை வடிவமைத்து, நடத்திப் பார்த்து, திருத்தி மீண்டும் நடத்தி, ஒவ்வொரு சுற்றிலும் அவர்களின் விளக்கங்கள் எப்படி மாறின என்று எழுதுங்கள். செயலாய்வு என்ற பெயரில் பல்கலைக்கழகங்கள் இதை ஏற்கின்றன. வகுப்பறையில் நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை.

எந்தப் படிப்பு

இணையவழியா நேரடியா என்ற கணவரின் கேள்விக்கு விடை சுருக்கமானது. வழிமுறையால் பட்டத்தின் தரம் குறைவதில்லை. அங்கீகாரம் இல்லாவிட்டால் குறையும். அந்தப் பட்டத்தை உங்கள் நாட்டின் கல்வி அதிகார அமைப்பு பதவி உயர்வுக்கும் ஊதிய உயர்வுக்கும் ஏற்கிறதா என்பதை, சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களைப் பொறுத்தவரை பகுதிநேர இணையவழிப் படிப்புக்கு ஒரு தனி நன்மையும் உண்டு: திங்கட்கிழமை படித்ததைச் செவ்வாய்க்கிழமை உங்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். முழுநேரமாகப் படிக்கப் போனவருக்கு அந்த வாய்ப்பில்லை.

பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கற்றல் கோட்பாடு, பாட வடிவமைப்பு, மதிப்பீடு, மாற்ற மேலாண்மை, தரவுத் தனியுரிமை, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான அணுகல் ஆகியவை இருந்தால் சேருங்கள். தாள்களின் தலைப்புகளில் பாதிக்கு மேல் மென்பொருட்களின் பெயர்களாக இருந்தால், அதே விஷயத்தைக் குறுகிய சான்றிதழ் படிப்பில் கற்றுக்கொள்ளலாம். சான்றுகளை எடைபோடும் பயிற்சி அதில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தப் பயிற்சி அரிதாக இருப்பதற்கு ஆதாரம் உண்டு. யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களிடமும் நிர்வாகிகளிடமும் நடத்திய ஒரு கருத்தாய்வை எடுத்துக்காட்டுகிறது. ஒரு கருவியை ஏற்குமுன் துறை வல்லுநர்கள் சரிபார்த்த ஆய்வுச் சான்றைக் கேட்டவர்கள் அதில் 11 சதவீதம் மட்டுமே. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒருவராக நீங்கள் வெளியே வந்தால், கட்டணம் வீணாகவில்லை என்று பொருள்.

முனைவர் பட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். முதுநிலை முடித்து, இரண்டு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்து, விடை தெரியாத ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் அப்போது யோசிக்கலாம். எந்தப் பதவி வந்தாலும் ஒரு வகுப்பையாவது கைவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பை விட்டுப் போனவர் சொல்லும் யோசனைகளை ஆசிரியர்கள் ஒரு வருடம்வரை கேட்பார்கள். பிறகு தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

சேர்க்கைக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு வாரங்களில் ஒப்பந்தத் திருத்தங்களை எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். வாயால் பேசி முடிக்காதீர்கள். பாடவேளைக் குறைப்பும் வாங்கும் முடிவில் இடமும் கிடைத்தால் பள்ளியின் உதவியோடு சேருங்கள். கிடைக்காவிட்டால், அவர்கள் தரும் பாதிக் கட்டணத்துக்காக நான்கு ஆண்டுகளை அடகு வைக்க வேண்டாம். உங்கள் கையிருப்பு இடம் கொடுத்தால் சொந்தச் செலவில் சேருங்கள், இல்லையேல் ஓர் ஆண்டு தள்ளிப்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். ஒத்திவைக்க அனுமதிக்கும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு.

இடையில் ஒரு நாள், உங்களுக்கு ஓய்வுப் பாடவேளை இருக்கும்போது, அந்தக் கணித ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு அவருடைய வகுப்பின் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். டேப்லெட்டைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். மாணவர்கள் எந்த இடத்தில் திணறுகிறார்கள், அதை அவர் என்ன செய்து சரிசெய்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.